ஐம்பத்திரண்டு அடி

காலை ஏழு பத்து.

சபை மண்டபத்தில் பிள்ளைகள் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த குழு, பன்னிரண்டு பேர். அன்று பிற்பகல் ஒன்பதாவது மலசலகூடத்தைத் திறந்து ஜெபம் செய்ய வேண்டும். மறுநாள் அவர்கள் ரயிலேறுவார்கள்.

உதயகலா அக்கா தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு நாங்கள் ஜூலையில் கட்டிக்கொடுத்தோம். அது மூன்றாவது.

"தங்கச்சி, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

"என்னக்கா, கதவு இறுகிட்டுதோ?"

"கதவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை ஆஸ்பத்திரியிலை."

"என்ன வருத்தம்?"

பின்னால் ஓர் ஆண் குரல் சத்தம் போட்டது. அழைப்பு அறுந்தது.

நான் பிலிப்பு அண்ணையைப் பார்த்தேன். அவர் எங்கள் மேசன். மூன்றாவது துண்டுப் பாணைச் சம்பலில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதும் வெடிச்சிட்டுதோ?" என்றார்.

"தெரியேல்லை. வாங்கோ."

"டேப்பை எடுத்தனியோ? டேப் இல்லாமல் நீ வாசலும் தாண்ட மாட்டாய். நாளைக்கு மாப்பிள்ளையையும் அளந்துதான் எடுப்பாய்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டேப் என் பையில் இருந்தது.

அந்த விடுமுறைக்கு நகரத்தில் வாலிபர் பணிப் பயணங்களை நடத்தும் பொறுப்பைப் போதகர் என்னிடம் தந்திருந்தார். நிவேதனா சின்ன விஷயத்தையும் விடமாட்டாள் என்று சபையில் சொன்னாராம். முதலில் டொரொன்டோவிலிருந்து ஒரு குழு வந்தது. பிறகு வவுனியாவிலிருந்து. கடைசியாகக் கொழும்பு. குழுவுக்கு மூன்று வீடு. எல்லாம் அரியாலையிலும் அதை அண்டிய ஒழுங்கைகளிலும். சைவக் குடும்பங்களும் இருந்தன, கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. மலசலகூடம் இல்லாத வீடா என்பதை மட்டுமே பார்த்தோம்.

குழு வந்த முதல் நாளில் நான் இரண்டு விஷயம் சொல்வேன். குழி வெட்டமுதல் கிணற்றிலிருந்து அளக்க வேண்டும். ஐம்பது அடிக்குக் குறைந்தால் வெட்டக் கூடாது. இரண்டாவது, வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கக் கூடாது.

டொரொன்டோப் பிள்ளைகள் ஏனென்று கேட்டார்கள்.

"மற்றப் பக்கம் கிணத்தடியா இருக்கும். பொம்பிளையள் குளிப்பினம்" என்றேன்.

அவர்கள் அதை மதித்தார்கள். பந்து அங்காலே விழுந்தால்கூட வேலியருகே போகாமல் என்னிடம் வந்து சொன்னார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வீதிகளை மூடியிருந்தார்கள். ஸ்கூட்டரில் சுற்றிப் போனோம். பிலிப்பு அண்ணை பின்னால் இருந்தார். கதவுப் பூட்டைப் பற்றியும் குழாய் மூடியைப் பற்றியும் கதைத்துக்கொண்டு வந்தார்.

உதயகலா அக்கா படலையில் நின்றார். வீடு இரண்டு அறை. வளவு நீளம், ஒடுக்கம். முன்னால் கிணறு, நடுவில் வீடு, கோடியில் மலசலகூடம். பிலிப்பு அண்ணை எல்லா வீட்டிலும் கோடியில்தான் வைப்பார். சொந்தக் கிணற்றுக்குத் தூரம், ஒழுங்கைக்கும் தெரியாது, வேலியோடு ஒட்டினாற்போல் வைத்தால் இடமும் மிச்சம். இங்கே கிணற்றுக்கட்டிலிருந்து குழி வரை நானே அளந்தேன். ஐம்பத்திரண்டு அடி. படிவத்தில் எழுதி, டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு படமும் எடுத்தேன்.

முன்சுவரில் டொரொன்டோப் பிள்ளைகளின் நீல நிற உள்ளங்கைகள் பதிந்திருந்தன. பதினாலு சோடி. கடைசி நாளில் அவர்கள் கேட்டுச் செய்தது. கைகளைப் புதுக் கக்கூசுக்குள்ளேயே கழுவினார்கள். மிஞ்சிய அரை வாளி நீலத்தையும் தண்ணீர் விட்டுக் கலக்கி ஊற்றினார்கள். அதுதான் கட்டி முடிந்தபின் அதில் இறங்கிய முதல் தண்ணீர். ஒரு நொடியில் போய்விட்டது. எல்லோரும் கைதட்டினோம்.

"எங்கை சத்தம் போட்டவர்?" என்றேன்.

"வீட்டை போயிட்டார். கதிரவேலு அண்ணை. உங்களை அங்கை வரச்சொன்னவர்." அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரோட்டாலை சுத்தித்தான் போகோணும். பொட்டு அடைச்சாச்சு."

பின்வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஒரு ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி. சாக்குத் தொங்கும். நாலு வருடமாக அக்காவும் இரண்டு மகள்களும் அதனால் போய்ப் பக்கத்து வீட்டு மலசலகூடத்தைத்தான் பாவித்தார்கள். இனித் தேவையில்லை என்று பிள்ளைகள் அதற்குத் தகரம் அடித்துக் கொடுத்தார்கள். அதையும் படம் எடுத்தேன்.

ஒழுங்கையால் வெளியேறி, கடை தாண்டி, அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பினோம். ஆறு வாரத்தில் அந்த ஒழுங்கைக்குள் நான் போனதில்லை.

கதிரவேலு ஐயா முற்றத்தில் நின்றார். அறுபது வயதிருக்கும். கடல்நீரேரியில் இறால் வலை போடுபவர். சாரமும் சட்டையும் நேற்றையவை போலிருந்தன.

"நீதானோ பிள்ளை பொறுப்பு?"

"ஓம் ஐயா. குழந்தைக்கு எப்பிடி?"

"பேரன். கஜானன். அஞ்சு மாசம். மூண்டு நாளா வயித்தாலை போகுது, சத்தியும் எடுக்கிறான். நேற்றுக் கண் திறக்கேல்லை. சேலைன் ஏத்துகினம். தாய்க்காரி அங்கை நிக்கிறாள்." அவர் திரும்பி நடந்தார். "இஞ்சாலை வாங்கோ."

வீட்டைச் சுற்றிப் பின்னால் போனோம்.

தகர வேலிக்கு மேலால் நாங்கள் கட்டிய மலசலகூடத்தின் காற்றுக்குழாய் நின்றது. நீல மூடி. மூடியை நான்தான் தெரிந்தெடுத்தேன். அதை மறுபக்கத்திலிருந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

அதற்கு நேரெதிரே ஒரு கிணறு.

துவைக்கிற கல். சவர்க்காரப் பெட்டி. கொடியில் குழந்தையின் நாப்பித் துணிகள்.

பிலிப்பு அண்ணை தொப்பியைக் கழற்றினார்.

"அளவன்" என்றார் கதிரவேலு ஐயா. "டேப் வைச்சிருக்கிற பிள்ளை எண்டு உதயகலா சொன்னவ. அளந்து சொல்லு."

நான் டேப்பை எடுத்தேன். பிலிப்பு அண்ணை மறுமுனையைப் பிடித்தார். கிணற்றுக்கட்டிலிருந்து வேலிக்கு ஒன்பது அடி. வேலியிலிருந்து குழிக்கு எவ்வளவு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மூன்று.

"சொல்லு."

"பன்ரெண்டு."

"உந்தப் பேப்பரிலை என்ன எழுதினனி?"

"ஐம்பத்திரண்டு. அவையின்ரை கிணத்திலை இருந்து."

"அவையின்ரை கிணத்திலை இருந்து." அவர் அதைத் திருப்பிச் சொன்னார். "யேசு அப்பிடியோ அளக்கச் சொன்னவர்? வேலி வரைக்குமோ?"

பிலிப்பு அண்ணை வேலிப் பக்கம் போய் நிலத்தைக் காலால் தட்டினார்.

"ஐயா, நீங்கள் அப்பவே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார். குரல் தணிவாக இருந்தது.

"என்னத்தைச் சொல்ல? விடியக் கடலுக்குப் போனால் மத்தியானம் வருவன். அங்கை பாட்டுக் கேட்டது. சிரிப்புக் கேட்டது. அந்தப் பெட்டையளுக்கு ஒரு நல்லது நடக்குது எண்டு நினைச்சன். குழாயைக் கண்டனான். குழி அங்காலை முன்பக்கமா இருக்கும் எண்டு நினைச்சன். படிச்ச பிள்ளையள், வெளிநாட்டுப் பிள்ளையள். நான் வேலிக்கு மேலாலை எட்டிப் பாக்கிறதோ?"

நான் கிணற்றுக்குள் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆகஸ்ட் என்பதால் ஆழத்தில் இருந்தது. நாலு அடிக்குக் கீழே சுண்ணாம்புக் கல். வேலிப் பக்கத்துக் கல்லில் கை நுழையும் அளவு ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஈரம் கோடாக இறங்கியது.

"அண்ணை" என்றேன்.

பிலிப்பு அண்ணை வந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"அங்கை குழிக்குள்ளையும் ஒண்டு இருந்தது" என்றார். "மூண்டடியிலை கல்லு. கல்லிலை வெடிப்பு. தண்ணி ஊத்த நிக்கேல்லை. நல்லா இழுக்குது, குழி நிரம்பாது எண்டு சந்தோசப்பட்டன்."

"ஒரே வெடிப்போ?"

அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு மீண்டும் கழற்றினார்.

கதிரவேலு ஐயா துலாக் கயிற்றை அவிழ்க்காமல், கிணற்றுக்கட்டில் கவிழ்ந்திருந்த வாளியை எடுத்தார். பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி. குழந்தையைக் குளிப்பாட்டுகிற வாளி என்றார். நேற்று சுகாதாரப் பரிசோதகர் வந்து போத்தலில் தண்ணீர் எடுத்துப்போனாராம். குடிக்க வேண்டாம், பாத்திரமும் கழுவ வேண்டாம் என்றாராம்.

"பால்போத்தல் கழுவினது இதிலைதான்" என்றார். "தாய்க்காரி ஒருநாள் என்னட்டைச் சொன்னவள். ஜூலையிலை. மாமா, தண்ணி நீலமாக் கிடக்கு எண்டு. நான் சிரிச்சன். வானம் தெரியுது பிள்ளை எண்டன்."

அவர் வாளியை என்னிடம் நீட்டினார்.

உள்விளிம்பைச் சுற்றி ஒரு கோடு இருந்தது. மெல்லிய கோடு. தேய்த்தும் போகாதது. அந்த நீலத்தை நான் கடையில் நின்று தெரிந்தெடுத்திருந்தேன். கைகளுக்கும் அதுதான், மூடிக்கும் பொருந்தும் என்று.

வாளியைக் கவனமாகக் கிணற்றுக்கட்டில் வைத்தேன், உடைந்துவிடும் என்பதுபோல.

தகரத்துக்கு அங்காலிருந்து ஒரு குரல் வந்தது. உதயகலா அக்கா. எவ்வளவு நேரம் அங்கே நின்றாரோ தெரியவில்லை.

"எனக்குத் தெரியும் தங்கச்சி."

"என்னக்கா?"

"கிணறு இருக்கிறது தெரியும். நாலு வருசம் அதுக்குப் பக்கத்தாலைதானே போய்வந்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அளந்தனீங்கள். அளந்திட்டு எழுதினனீங்கள். சும்மா கட்டித் தாறவைக்கு நான் இடம் காட்டுறதோ? வேண்டாம் எண்டு போட்டுப் போயிட்டா?"

தகரம் அசைந்தது. அவர் அதில் சாய்ந்திருக்க வேண்டும்.

"பெரியவளுக்குப் பதினாறு" என்றார். "மழைக்குள்ளையும் பொட்டாலை போறவள்."

கதிரவேலு ஐயா வேலியைப் பார்த்தார். "அழாதை உதயகலா" என்றார்.

பிலிப்பு அண்ணை என்னருகே வந்தார். "இண்டைக்கே குழியை இறைச்சு மூடுவம்" என்றார். "அடி சீமெந்து போட்டு ஒழுகாத தாங்கி கட்டலாம். கிணத்தையும் இறைச்சுக் குளோரின் போடுவம். பின்னேரம் ஜெபத்தை நிப்பாட்டு. பிள்ளையளைக் கூப்பிடு."

நான் தலையாட்டினேன். அவர் சொன்ன ஒவ்வொரு வேலையும் எனக்கு விளங்கியது. ஆனாலும் அசைய முடியவில்லை. ஆறு வாரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அக்காவும் இரண்டு மகள்களும், மூன்று பேர், ஆறு வாரம், ஒவ்வொரு நாளும்.

கதிரவேலு ஐயாவின் தொலைபேசி அடித்தது. அவர் பெயரைப் பார்த்துவிட்டு எடுக்கப் பயந்தார். இரண்டாம் முறை அடித்தபோது ஒலிபெருக்கியைப் போட்டார்.

"தாரிகா? என்ன பிள்ளை?"

"மாமா, முழிச்சிட்டான். சேலைன் போகுது. பால் இன்னும் குடிக்கேல்லை, ஆனால் கையைப் பிடிக்கிறான்."

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். முகத்தைச் சாரத் தலைப்பால் துடைத்தார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"இன்னும் ரெண்டு நாள் பாக்கோணுமாம். ஒரு நாள் பிந்தியிருந்தால் எண்டு சொன்னவர். மிச்சம் சொல்லேல்லை." மூச்சு வாங்கினாள். "அவ வந்தவவோ? கக்கூஸ் கட்டின அக்கா?"

"நிக்கிறா."

"குடுங்கோ."

அவர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று விரும்பினேன்.

"தங்கச்சி, நான் நிவேதனா. நாங்கள் தெரியாமல்..."

"அதைப் பிறகு கதைப்பம் அக்கா." அவள் குரல் களைத்திருந்தது. கோபம் இல்லை. பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுதது. அவளுடையதா, பக்கத்துக் கட்டிலினுடையதா தெரியவில்லை. "உங்கடை முகநூல் பக்கம் நான் பாக்கிறனான். டேப்போடை நிக்கிற படத்துக்கு லைக்கும் போட்டனான். ஒன்பது வீடு எண்டு போட்டிருக்கிறியள்."

"ஓம்."

"எல்லாப் படத்திலையும் கோடியிலை, வேலியோடைதான் நிக்குது."

பிலிப்பு அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"அக்கா, மற்ற எட்டு வீட்டிலையும் வேலிக்கு அங்காலை என்ன இருக்கு?"