இராகு காலத்தில் புயல்வல்லி

உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்துக்கு ஒரு மாதமாகவே பைத்தியம் பிடித்திருந்தது. வாரப் பத்திரிகையில் படக்கதையாக வந்துகொண்டிருந்த புயல்வல்லி டெலிவிஷனில் தொடராக வரப்போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. பறப்பாளாம், பஸ்ஸை ஒற்றைக் கையால் தூக்குவாளாம், ரௌடிகளைப் பந்தாடுவாளாம். குழாயடியில் இதே பேச்சு, சலூனில் இதே பேச்சு. அவளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் படம் பிடித்திருப்பார்கள் என்றார் எதிர்வீட்டு வேதாந்தம். கயிறெல்லாம் கிடையாது, வேறு ஏதோ மிஷின் என்றான் பாத்திரக் கடையில் கைவண்டி இழுக்கும் கபாலி. அதற்காக இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார்கள். இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

பாத்திரக் கடை வீட்டு மருமகள் சுந்தரவல்லிக்கு இதையெல்லாம் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. நேற்று முளைத்த ரசிகர்கள்! புயல்வல்லியை முதல் வாரத்திலிருந்து படித்துவந்தவள் அவள். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டுப் பட்டணம் வந்தவளுக்கு இந்த வீட்டில் தனக்கென்று இருந்தது அந்தப் பக்கங்கள் மட்டும்தான். வாரா வாரம் கிழித்து, டிரங்குப் பெட்டியில் கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள்.

போன ஆடியில் மாமியார் தங்கபுஷ்பம் அதைக் கண்டுபிடித்தாள். திட்டவில்லை, கேட்கவுமில்லை. மொத்தத்தையும் அள்ளிக் கடைக்கு அனுப்பிவிட்டாள். எவர்சில்வர் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் திணிக்கத் தாள் வேண்டுமே! அன்று மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோன சுந்தரவல்லி, யாரோ கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவுக்குள் புயல்வல்லி கசங்கிக் கிடப்பதைப் பார்த்தாள். அன்றிலிருந்து மாமியாரைக் கண்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் இந்தத் தொடரை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தாள். அண்டாவுக்குள் திணித்ததை வானத்திலேயே பறக்கவிடப் போகிறார்கள், பார்க்காமல் விடுவாளா?

கணவன் வெள்ளைத்துரை டி.வி. வாங்கியது அவளுக்காக அல்ல. பக்கத்து நகைக்கடைக்காரர் வாங்கிவிட்டார், அவ்வளவுதான் காரணம். நாலு கால் வைத்த பெட்டி சனிக்கிழமை வந்து இறங்கியது. சனிக்கிழமை புதுச் சாமானைத் தொடக் கூடாது என்று தங்கபுஷ்பம் அதை வேட்டியால் மூடி வைத்தாள். சரி, ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்றால் அன்றைக்கு நாலரையிலிருந்து ஆறு மணி வரை இராகு காலம். புயல்வல்லி நேராக அதற்குள் வந்து மாட்டிக்கொண்டாள்.

"ராவு காலத்துல புதுப் பெட்டியப் போடுததா? பொறவு கடைய இழுத்து மூட வேண்டியதுதான்" என்றாள் தங்கபுஷ்பம்.

வழி சொன்னவர் வேதாந்தம். "நாலு மணிக்கே போட்டுடுங்கோ. ஆரம்பம் நல்ல நேரத்துல இருந்தா போறும். நடுவுல அணைக்காம அது பாட்டுக்கு ஓடிண்டே இருந்தா ராகு என்ன பண்ணிடுவான்?"

அப்படியே நடந்தது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம். தங்கபுஷ்பம் தன் கையால் குமிழைத் திருப்பினாள். ஒளிபரப்பு இன்னும் தொடங்காத திரையில் வெறும் புள்ளிகள் கொசுக்கூட்டம்போல மொய்த்தன. அதைப் பார்க்கவும் கூட்டம் கூடிவிட்டது! கூடம் நிரம்பி, வாசலில் செருப்பு குவிந்தது.

சுந்தரவல்லி அடுப்படியில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலந்துகொண்டிருந்தாள். மாமியார் டம்ளர் எடுக்க வந்தபோது வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"அத்தை, தொடர் ஆரம்பிக்கும்போது மட்டும் நானும் ஒரு ஓரமா வந்து இருந்துக்கிடுதேன்."

"ஆம்பளைய இருக்க எடத்துல ஒனக்கு என்ன சோலி? இங்கன நின்னு கேளு. சத்தம் வரும்லா?"

சத்தம் வருமாம்! பறப்பவளைக் காதால் பார்க்க வேண்டுமாம். சுந்தரவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு சர்க்கரை போட்டாள்.

தொடர் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, கூடம் முழுவதும் ஐயோ என்றது. கரண்ட் திரும்பி வரும்போது குபீரென்று அதிகமாக வந்து பெட்டி எரிந்துவிடும் என்று டி.வி. கடைக்காரன் சொல்லி அனுப்பியது வெள்ளைத்துரைக்கு ஞாபகம் வந்தது. பாய்ந்து போய்க் குமிழைத் திருப்பி அணைத்துவிட்டான். போட்ட காசு போய்விடக் கூடாதே என்கிற பதற்றத்தில், நடுவில் அணைக்கக் கூடாது என்பது மறந்துபோயிற்று.

கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. பெட்டி மட்டும் கறுப்பாக நின்றது. வெள்ளைத்துரை குமிழில் கையை வைக்கப் போனான்.

"தொடாதல!" என்று தங்கபுஷ்பம் கத்தினாள். "இப்பம் உச்ச ராவு காலம். எவன் தொட்டாலும் சரி, கடைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது அவன் தலையிலதான்."

வெள்ளைத்துரை கையை இழுத்துக்கொண்டான். வேதாந்தம் உத்தரத்தைப் பார்த்தார். "நம்ளுக்கு இன்னாத்துக்கு வம்பு" என்று கபாலி கையைக் கட்டிக்கொண்டான். புயல்வல்லிக்காக ஒரு மாதம் தூங்காமல் கிடந்த அத்தனை வீரர்களும் ஒரு குமிழுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சுந்தரவல்லி கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே நடந்து போய், குமிழைத் திருப்பினாள்.

பெட்டி சூடேறியது. முதலில் சத்தம் வந்தது, பிறகு படம் வந்தது. வந்தே விட்டாள் புயல்வல்லி! காற்றில் தலைமுடி பறக்க, கட்டடங்களுக்கு மேலே. கூடம் அதிரும்படி கைதட்டினார்கள். சுந்தரவல்லி அதை முழுசாகப் பார்த்து முடிப்பதற்குள் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"ஏட்டி, எங் குடியக் கெடுக்கவா வந்த?" தங்கபுஷ்பம் அவள் கொண்டையைப் பிடித்து உலுக்கினாள். "எம் புள்ள தொடப் பயந்தத நீ தொடுதியோ? மூதேவி! நாளைக்கே ஒன் அப்பனுக்குத் தந்தி அடிக்கேன், வந்து கூட்டிட்டுப் போவட்டும்."

மறுபடியும் அறைந்தாள். திரையில் புயல்வல்லி ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை அறுத்தவனைத் தூக்கி எறிந்தாள். "அப்படிப் போடு!" என்று கூட்டம் விசிலடித்தது. சுந்தரவல்லி கணவனைப் பார்த்தாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு திரையைப் பார்த்தான். மற்றவர்களைப் பார்த்தாள். ஒரு கண்கூட அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஏம்மா, செத்த மெள்ள பேசுங்கோளேன்" என்றார் வேதாந்தம். "அவ என்ன சொல்றான்னே காதுல விழலை."

"சின்னம்மா, கொஞ்சம் நவுந்துக்கம்மா" என்றான் கபாலி. "மறைக்கிது."

சுந்தரவல்லி நகர்ந்தாள். மாமியாரின் கையிலிருந்து தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டு, நேராகப் பெட்டியிடம் போய்க் குமிழைத் திருப்பினாள். பறந்துகொண்டிருந்த புயல்வல்லி சுருங்கி, சுருங்கி, ஒரு வெள்ளைப் பொட்டாகி மறைந்தாள்.

கூடமே எழுந்து கத்தியது. "போடுங்கோ! போடுங்கோ!" "இன்னா சின்னம்மா இது, அநியாயமா கீது!"

"ராவு காலம்" என்றாள் சுந்தரவல்லி. கன்னம் வீங்கியிருந்தாலும் குரல் தெளிவாகத்தான் வந்தது. "எவனுக்குத் தைரியம் இருக்கோ அவன் வந்து போட்டுக்கிடட்டும்."

ஊரே பார்க்க மருமகள் எதிர்த்துவிட்டாளே என்ற ஆத்திரத்தில் தங்கபுஷ்பம் மகனிடம் பாய்ந்தாள். "ஏல, இன்னுமா பாத்துட்டிருக்க? போடுல!"

"நீதானம்மா தொடக் கூடாதுன்ன" என்றான் வெள்ளைத்துரை.

அவன் கை நீளவில்லை. தங்கபுஷ்பத்தின் கையும் நீளவில்லை. சுந்தரவல்லி பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆண்களுக்கு எதிரே, கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தொடர் அங்கே யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிகம். இவர்களோடு சேர்ந்து பார்க்கத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.