நிறுத்திய இடம்

மனைவி இறந்த அன்று நான் அழவில்லை. மாமனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காரியமெல்லாம் முடிந்ததும் என் மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

"கல்லுகிட்ட பிள்ளைய விட்டுட்டுப் போக முடியுமா?"

என் முன்னாலேயே கேட்டார்.

பியானோ வகுப்புக்கு மட்டும் தொடர்ந்து போனேன். நானும் மனைவியும் சேர்ந்து போன வகுப்பு. டீச்சர் துக்கம் விசாரிக்கவில்லை. பழைய காதல் மெட்டு ஒன்றின் சுரத்தாளை எடுத்து வைத்தார்.

"அழுமூஞ்சிப் பாட்டுதான். ஆனா உங்களை மாதிரி கத்துக்குட்டியும் இல்லாம தேர்ந்தவரும் இல்லாம நடுவுல நிக்கறவங்களுக்கு இதுதான் மருந்து. மெட்டைச் சுண்டுவிரல் பாடக் கத்துக்கும். மத்த விரலெல்லாம் வாயை மூடக் கத்துக்கும்."

என் சுண்டுவிரல் முனகியது. கட்டைவிரல் கத்தியது. ஒலியை நீட்டும் பெடலை விரலோடு சேர்த்தே மிதித்தேன். பழைய ஒலி புதியதில் ஒட்டிக் கூழானது.

"சேத்துல நடக்கறீங்களா? முதல்ல விரல். காது கேக்கட்டும். அப்புறம் கால்."

மெட்டு உச்சிக்கு ஏறும்போது காலத்தை இழுக்க வேண்டும். இறங்கும்போது ஓடிப் பிடிக்க வேண்டும். நான் இழுத்துக்கொண்டே போனேன்.

"ரப்பர்கூடத்தான் இழுபடும். அதுக்கு உருக்கம்னு பேரா?"

மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. நெஞ்சுக்கு அதில் வேலையே இல்லை.

மாணவர்கள் வாசிக்கும் நிகழ்ச்சிக்கு மாமனாரை அழைத்தேன். மகளைத் திரும்பப் பெற வேறு வழி தெரியவில்லை.

"கல்லு பாடுதான்னு பாப்போம்" என்று மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

பாதிவரை பிசகில்லை. உச்சி சுரத்தைத் தொட்டேன். அடுத்து இடது கை எங்கே போக வேண்டும் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. கால் பெடலிலேயே இருந்தது. ஒலி தேய்ந்துகொண்டே போனது. முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். பிறகு கை தானாகவே சரியான இடத்தில் விழுந்தது.

முடிந்ததும் டீச்சர் அருகில் வந்தார்.

"மறந்துட்டீங்கல்ல?"

"ஆமா."

"வெளியில சொல்லிக்காதீங்க."

வாசலில் மாமனார் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. மகள் அவர் விரலைப் பிடித்திருந்தாள்.

"மாப்ளே, அந்த இடத்துல அப்படியே நிறுத்தினீங்களே... அவளை நெனச்சுத்தானே?"

நான் நினைத்தது, அடுத்தது கறுப்புக் கட்டையா வெள்ளைக் கட்டையா என்று.

"ஆமா, மாமா."

அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். சட்டை நனைந்தது.

"ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன். பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவ நினைவு நாளுக்குச் சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். வாசிங்க. அந்த இடத்துல அதே மாதிரி நிறுத்தணும்."

அடுத்த வகுப்பில் டீச்சரிடம் கேட்டேன்.

"அந்த நிறுத்தத்தை எப்படிப் பழகறது?"

அவர் சிரிக்கவில்லை. பென்சிலால் உச்சி சுரத்தின் மேல் ஒரு குறி போட்டார்.

"நாலு வரைக்கும் எண்ணுங்க."

"மூணு போதாதா?"

"அழறவங்களுக்கும் கொஞ்சம் நேரம் குடுங்க."

எண்ணினேன்.