அசோக்கின் வண்டியும் வெள்ளையனின் வயிறும்

நாமக்கல் பக்கத்து மலைமேல், குண்டூர் நாட்டில் அசோக் வைத்திருந்த பழைய பந்தய பைக் பெட்ரோலில் ஓடவில்லை. அவனுடைய பெரியப்பா மகன் வெள்ளையனின் பொறாமையில் ஓடியது. இது முதலில் தெரிந்தது செம்மேட்டில், குழந்தைசாமியின் ஒர்க் ஷாப்பில். டேங்க்கில் துரு ஏறி ஓட்டை விழுந்திருந்ததால், வெல்டிங் வைப்பதற்காக அவர் அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார். தன் மொபெட்டுக்குப் பஞ்சர் போட வந்த வெள்ளையன், டேங்க் இல்லாமல் நின்ற அந்த வண்டியை ஒரு பார்வை பார்த்தான். வண்டி தானாகக் கிளம்பி, கூரைத் தகரம் அதிர உறுமியது. குழந்தைசாமி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், பிறகு நிமிர்ந்து வெள்ளையனின் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்றார். வெள்ளையன் டீக்கடைக்குப் போனதும் வண்டி நின்றது. திரும்பி வந்ததும் கிளம்பியது. எந்த மாடு எவ்வளவு கறக்கும் என்று தெரிந்துகொள்வதுபோல ஜனங்கள் இதையும் தெரிந்துகொண்டு, அந்த வாரச் சந்தைக்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

வெள்ளையனைப் பொல்லாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊரில் ஒரு சாவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பான். பாடை கட்டுவதிலிருந்து பந்தல் பிரிப்பது வரை அவன் கைதான். கல்யாணம், காதுகுத்து என்றால்தான் அவனுக்குச் சிரமம். யாராவது நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதிலும் அசோக் நன்றாக இருந்தால் தண்ணீரும் இறங்காது. இருவர் காடும் ஒரே சரிவில், ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஒரே மழைதான் பெய்கிறது, ஒரே எருதான் போடுகிறார்கள், ஆனால் மிளகுச் சரம் அசோக்கின் மரங்களில்தான் முழங்கை நீளம் தொங்கும். தேனீ கூடு வைக்க வந்தாலும் வெள்ளையன் வீட்டுக் கூரையைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அசோக் வீட்டுக்குத்தான் போகும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அசோக்குக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது. சிலருக்குப் பிறவியிலேயே மோப்பம் இருக்காது என்பார்களே, அதுபோல அவனுக்கு அது இல்லை. வெள்ளையன் புது வீடு கட்டியபோது, அசோக் தன் வீட்டுக்குப் பூச வைத்திருந்த பெயிண்ட்டைக் கொண்டுவந்து அவனே அடித்துவிட்டுப் போனான். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வெள்ளையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வண்டியை முதலில் பார்த்தவனே வெள்ளையன்தான். வாலிப வயதில் காப்பிப் பழம் பறிக்கப் போன இடத்தில், தோட்டத்து முதலாளியின் கொட்டகைக்குள் சாக்கு போர்த்திக் கிடந்ததைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். எழுபதுகளில் அந்த முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்து, மேட்டிலும் பள்ளத்திலும் தாவி ஓட்டிய மோட்டோகிராஸ் வண்டி அது. ஹெட்லைட் கிடையாது, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு கோழி உட்காரலாம், சேற்றைப் பிடித்துக்கொள்ளக் கட்டை கட்டையாகப் பற்கள் வைத்த டயர். அன்றிலிருந்து வெள்ளையன் அந்த வண்டியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தான். களை வெட்டும்போது ஓட்டினான், தாலி கட்டும்போதுகூடக் கொஞ்சம் ஓட்டினான். கேட்டால் கொடுக்கவா போகிறார்கள் என்று நினைத்தே, கேட்காமல் வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு சித்திரையில் அசோக் அதே தோட்டத்துக்குப் பலாக்காய் ஏற்றப் போனான். பார்த்தான், கேட்டான். எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குது, தூக்கிட்டுப் போப்பா என்று கொடுத்துவிட்டார்கள். பலாக்காயோடு பலாக்காயாக வண்டி ஊருக்கு வந்து இறங்கியதைத் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்த வெள்ளையன், உள்ளே போய்க் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். யாரும் தொடாமலேயே வண்டி அசோக்கின் வாசலில் இரண்டு முறை இருமியது.

வெள்ளையன் நாமக்கல்லுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய், பெண் வீட்டார் நொடிந்துபோனவர்கள் என்று தெரிந்து நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிய நாட்களில், வண்டி எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. அவன் வந்த பஸ் மலை ஏறி, கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியபோது உறுமியது. அசோக் இதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் நேராக வெள்ளையனிடமே வந்தான். வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே, சாமை அறுத்த காட்டில், தை மாதம் சேற்றுப் பந்தயம் நடக்கப்போகிறது, பழைய வண்டிகளுக்கென்று தனி ஓட்டமும் உண்டு என்றான். "நீங்க வந்து நின்னாத்தானுங்கண்ணா வண்டி ஓடுது. ஒரு எட்டு வந்துருங்க" என்று, எருவுக்காகக் காட்டில் ஆட்டுக்கிடை போடக் கேட்பதுபோலக் கேட்டான். அவன் முகத்தில் துளி கேலி இல்லை. "போடா, நானென்ன பெட்ரோல் பங்க்கா!" என்று வெள்ளையன் கத்தினான். வரப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டி துள்ளி எழுந்து, ஆள் இல்லாமல் மரவள்ளிக்குள் புகுந்து ஒரு பாத்தியைச் சாய்த்துவிட்டு நின்றது.

அதன்பிறகு வெள்ளையன் ஒரே பிடிவாதமாக இருந்தான். இனிப் பொறாமைப்படுவதில்லை. அசோக்கின் வண்டி எல்லோர் முன்னாலும் மக்கர் செய்ய வேண்டும். அருவியில் போய்க் குளித்தான், ஈசுவரன் கோயிலில் அங்கப்பிரதட்சிணம் செய்தான், பிறருடைய நல்லதை நினைத்துச் சந்தோஷப்படுவதற்கு முயற்சி செய்து அதிலேயே இளைத்துப்போனான். "ஏனுங்க, அவன் பந்தயம் ஓட்டுறதுக்கு நீங்க எதுக்குங்க பட்டினி கெடக்கறீங்க?" என்று அவன் மனைவி விஜயா கேட்டாள். அவளிடம் சொல்லவில்லையே தவிர, அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. வாழ்நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அசோக் அவனைப் பார்த்து ஏங்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் போதும், மிளகையும் தேனையும் மன்னித்துவிடலாம் என்று நினைத்தான்.

பந்தயத்தன்று போகாமல் இருக்கவும் அவனால் முடியவில்லை. நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த பழைய வண்டிகள் வரிசையாக நின்றன. ஏரியில் படகு விட வந்த டூரிஸ்ட்டுகளும் மேட்டில் ஏறி நின்றார்கள். வெள்ளையன் கூட்டத்தின் ஓரத்தில் தலைகாட்டியதுமே அசோக்கின் வண்டி மற்ற எல்லா வண்டிகளின் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு உறுமியது. இங்கேதான் அசோக்கின் அம்மா இருசாயி ஒரு காரியம் செய்தாள். இத்தனை பேர் கண்ணும் பிள்ளை மேல் படுகிறதே என்று, முந்தானையில் முடிந்து வந்திருந்த உப்பையும் வரமிளகாயையும் அவிழ்த்தாள். யார் கண் அதிகம் பட்டிருக்குமோ அவர்கள் காலடி மண்ணையும் சேர்த்துச் சுற்ற வேண்டும் என்பது மலையில் முறை. அவள் நேராக வெள்ளையனிடம் வந்து, "செத்த காலத் தூக்கு சாமி" என்றாள். அத்தனை பேர் பார்க்க அவன் காலைத் தூக்கினான். அவள் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போய், அசோக்கையும் வண்டியையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, வடைக்கடை அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது, ஆனால் ஒருவருக்கும் கமறவில்லை. அப்படியென்றால் பட்டிருந்தது பெரிய கண். அது கழிந்துவிட்டது என்று இருசாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதே நொடியில் வண்டி நின்றது.

அசோக் உதைத்துப் பார்த்தான். குழந்தைசாமி உதைத்துப் பார்த்தார். வெள்ளையனுக்கோ, பிறந்ததிலிருந்து தலையில் இருந்த சுமையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அசோக்கின் வேர்த்த முகத்தைப் பார்த்தான், ஒன்றும் எரியவில்லை. பாவம், நல்ல பையன் என்றுகூட நினைத்தான். அந்த நினைப்பே அவனுக்குப் புதிதாக இருந்தது. கொடி அசைப்பவர் விசிலை எடுத்துவிட்டார். அசோக் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து, அதை வெள்ளையனின் தலையில் மாட்டினான். "எனக்கு இது ஒத்துக்கலீங்கண்ணா. உங்களுக்குத்தான் அதும்மேல உசுரு. நீங்களே ஓட்டுங்க, வண்டியும் நீங்களே வெச்சுக்குங்க" என்றான்.

இப்படித்தான் அந்த வண்டி வெள்ளையனுக்குச் சொந்தமாயிற்று. சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கொட்டகையில் சாக்கைத் தூக்கிப் பார்த்த நாளிலிருந்து நினைத்த இடத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. இப்போது பார்ப்போம் என்று கயிற்றோரம் திரும்பி அசோக்கின் முகத்தைப் பார்த்தான். அசோக் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி உரித்துக்கொண்டே, "உடுங்கண்ணா, உடுங்க!" என்று குதித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல். வண்டியைக் கொடுத்த அடையாளம் எங்காவது தெரிகிறதா என்று வெள்ளையன் தேடினான், ஒன்றுமே இல்லை. இவனிடமிருந்து எதை வாங்கினாலும் இவனுக்குக் குறையப்போவதில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் தன்னைவிட, கடலை தின்றுகொண்டு நிற்கும் அசோக் சந்தோஷமாக இருந்தான். ஐயோ, அதை எப்படித் தாங்குவது! மிளகுக்கும் தேனுக்கும் பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்கிறமாதிரி ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. கிக்கரில் கால் வைப்பதற்கு முன்பே வண்டி பாய்ந்தது. மண்மேடுகளில் தாவி, மற்றவர்கள் ஒருமுறை தரையைத் தொடுவதற்குள் அடுத்த மேட்டைத் தாண்டியது. அசோக் நிற்கும் வளைவுக்கு வரும்போதெல்லாம் அவன் கைதட்டுவான், வண்டி இன்னும் கொஞ்சம் வேகம் எடுக்கும். முதலில் வந்த பிறகும் அதன் உறுமல் நிற்கவில்லை. அசோக் ஓடிவந்து வெள்ளையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பரிசாகக் கொடுத்த ஷீல்டைப் பிடித்துக்கொண்டு அந்தத் தோளில் உட்கார்ந்திருந்தபோது வெள்ளையன் அழுதான். சந்தோஷம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வெள்ளையன் பல இடங்களில் ஓட்டினான், அசோக்கை முன்னால் நிறுத்தி ஜெயித்தான். அசோக் நன்றாக இருக்கும்வரை வண்டிக்கு ஒரு குறையும் வரவில்லை. பிறகு ஒரு ஐப்பசி அடைமழையில் அசோக்குக்கு டைபாய்டு கண்டு, ஆளே பாயோடு பாயாகிவிட்டான். அவன் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். இருசாயிக்கு அழ மட்டுமே முடிந்தது. வெள்ளையனின் கொட்டகையில் வண்டி மூச்சுக் காட்டவில்லை. வண்டிக்காகத்தான் போகிறேன் என்று விஜயாவிடம் சொல்லிவிட்டு அவன் தினமும் வரப்பைத் தாண்டினான். அவள் நம்பவில்லை, அவனே பாதிதான் நம்பினான். கஞ்சி காய்ச்சிப் புகட்டினான், துணி அலசினான், அசோக்கின் காட்டில் களை எடுத்தான், காற்றில் சரிந்த மிளகுக் கொடிகளைத் தூக்கி மரத்தோடு கட்டினான். தன் கொடிகளைக் கட்ட நேரம் கிடைக்கவில்லை.

மழை விட்டு வெறித்த ஒரு மத்தியானம் அசோக் எழுந்து உட்கார்ந்தான். ஊறுகாய் கேட்டான், தொட்டு நக்கிக்கொண்டு இரண்டு வட்டில் கஞ்சி குடித்தான். பிறகு ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்து, "என்னுங்கண்ணா, மொளகு இந்த வருசம் இப்பிடிப் புடிச்சிருக்குது!" என்று பழையபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். வெள்ளையன் எட்டிப் பார்த்தான். தான் கட்டிய கொடிகளில், முழங்கையையும் தாண்டிப் பச்சைச் சரம் தொங்கியது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் சரங்கள் விரல் நீளம்கூட இல்லை. அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் பொசுக்கென்று எழுந்தது. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. சரிவுக்கு அப்பால் கொட்டகையில் வண்டி கிளம்பி உறுமியது.

"வண்டிங்களாண்ணா?" என்றான் அசோக்.

"ஆமாண்டா. நீ குடி" என்று சொல்லிவிட்டு, வெள்ளையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினான். வரப்புக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த விஜயா, ஈரக்கையை உதறிக்கொண்டு போய் வண்டியை நிறுத்தினாள்.