கடைசி முறைத் தண்ணீர்

குணலட்சுமி யாழ்ப்பாண ஸ்டேஷனுக்குள் ஓடி வந்தபோது கொழும்பு ரயிலின் கடைசிப் பெட்டி மேடையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் ஒரு கட்டுத் துளை அட்டைகள். செபநாயகம் சேர் எந்த யன்னலில் இருக்கிறார் என்று தேடி முடிவதற்குள் ரயில் போய்விட்டது. பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அழுகைகூட வரவில்லை.

வெளியே இரண்டு சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டு மகாதேவி நின்றாள். கம்பஸில் ஒரே வகுப்பு. கடற்கரைப் பெட்டை, வாய்க்குப் பூட்டில்லை.

"சேரைப் பிடிச்சியே?"

"இல்லை."

"அப்ப பெட்டிக்கை என்ன கிடக்கெண்டு இப்பவாவது சொல்லு. மருதனார்மடத்திலையிருந்து பேய் பிடிச்சவள் மாதிரி மிதிச்சு வந்தனி."

குணலட்சுமி சொன்னாள். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறை அது. புரோகிராம் எழுதப் பழகிய மாணவர்களை ஆளுக்கொரு ஆராய்ச்சியோடு சேர்த்துவிட்டு, கம்பஸ் சம்பளமும் கொடுத்தது. மகாதேவிக்கு மழைக் கணக்கு வாய்த்தது. குணலட்சுமிக்குச் செபநாயகம் சேரின் கிணற்றுத் தண்ணீர். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் உப்பு ஏறுகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. கம்பஸில் கம்பியூட்டர் இல்லை. ஆகவே கிணறுகளில் அளந்து எழுதியதை அட்டைகளில் துளைத்து அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. கொழும்புக்குக் கொண்டுபோய் ஓட்டுவது சேரின் வேலை.

அடுக்கும்போது ஒரே கிணற்றின் இலக்கம் திரும்பத் திரும்ப வந்தது. எல்லாம் பங்குக் கிணறுகள். நாலு வீட்டுக்குப் பங்கிருந்தாலும் கிணறு ஒன்றுதானே, அளந்தவர்கள் பங்காளிக்கொரு அளவு எழுதிவிட்டார்கள் என்று நினைத்தாள். ஒவ்வொரு கிணற்றுக்கும் முதல் அட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துச் சப்பாத்துப் பெட்டியில் போட்டாள். சேர் அவளை நம்பி, எண்ணிப் பார்க்காமலே மிச்சத்தைக் கொண்டு போய்விட்டார்.

இன்று மத்தியானம் தகப்பன் கந்தப்பு தோட்டத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். இன்றைக்குக் கடைசி இறைப்பு முறை தங்களுக்கு வந்ததென்றும், மற்றவர்கள் மிசின் போட்டு இறைத்த பிறகு கிடைத்த தண்ணீர் வாயில் வைக்க முடியாத சவர் என்றும், வெங்காயம் கருகப்போகிறதென்றும் புறுபுறுத்தார். குணலட்சுமியின் கையில் குழைத்த சோறு அப்படியே நின்றது. அவள் எடுத்தது பங்காளிகளின் அட்டைகள் அல்ல, ஒவ்வொரு இறைப்பு முறையிலும் தண்ணீரின் உப்பை அளந்த அட்டைகள். முதல் முறை நல்ல தண்ணீர். உப்பு முழுக்க அவள் பெட்டிக்குள்.

"நாளைக்கு ஓட்டினால் ஒரு கிணத்திலையும் உப்பில்லை எண்டு வரும்," என்றாள்.

"எங்கடை ஊரிலை கடல் வாசலிலை நிக்குது. உங்கடை ஊரிலை கிணத்துக்குள்ளாலை வருது. அதை நீ பெட்டிக்கை பூட்டி வைச்சிருக்கிறாய்," என்றாள் மகாதேவி. பிறகு குணலட்சுமியின் முகத்தைப் பார்த்துப் பகிடியை நிறுத்தினாள். "வா, தந்தி அடிப்பம்."

குணலட்சுமி அசையவில்லை. சேர் வேலையை விட்டு நிறுத்துவார் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது. உப்பு ஏறுகிறதென்று எழுத்தில் வந்தால் மிசின் இறைப்புக்குக் கட்டுப்பாடு வரும் என்று ஊரில் கதை. அட்டைகளை எடுப்பதற்கு முதல் நாள்தான் கந்தப்பு சிரித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, உன்ரை கணக்கு எங்கடை மிசினுக்குப் பூட்டுப் போடாமல் பாத்துக்கொள்." அவளும் சிரித்தாள்.

மகாதேவி அவளைத் தபால் கந்தோருக்கு இழுத்துக்கொண்டு போனாள். சேர் கொழும்பில் தங்கும் தமக்கையின் விலாசம் குணலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. அட்டைகள் குறைவு, ஓட்ட வேண்டாம் என்று தந்தி போயிற்று. கிளார்க் தந்த மிச்சக் காசை அவள் எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள். வெங்காயப் பாத்தியும் மிசினும் தகப்பனின் சிரிப்பும் ஒன்றாய்க் கண்ணுக்குள் வந்தன.

படியிறங்கும்போது மகாதேவி குரலைத் தணித்துக் கேட்டாள்.

"எடியே, நீ தோட்டக்காரன்ரை பெட்டை. கடைசி முறைத் தண்ணி எப்பிடியிருக்குமெண்டு சின்னனிலையிருந்து தெரியும். உண்மையைச் சொல்லு. மறந்துபோயோ எடுத்தனி?"