வினையூக்கி வைரவனின் எடை

வைரவனை வினையூக்கி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். முன் அனுபவம் இருந்தது. கல்யாணத் தரகராக ஊரில் பாதிப் பேரைச் சேர்த்துவைத்தவர். அவர் மட்டும் அப்படியே இருந்தார்.

“அதுதான் தகுதி,” என்றார் ஆய்வகத் தலைவி ரெஜினா மேடம். “நடத்திவைக்கணும், நீங்க மாறக் கூடாது. மாறாம வெளியே வந்தா வேலை நிரந்தரம். மாறிட்டா வீட்டுக்குப் போயிடலாம்.”

வைரவனுக்கு வீட்டுக்குப் போவதில் விருப்பமில்லை. அங்கே யாரும் இல்லை.

எடைபோட்டு, மைக்ரோவேவ் அடுப்புக்குள் அனுப்பி, கதவைச் சாத்தினார்கள். உள்ளே நல்ல கல்யாண மண்டபம். தரை மெதுவாகச் சுற்றியது. ஒரு பக்கம் கேண்டீனில் பஜ்ஜி பொரித்து மிஞ்சிய எண்ணெய். எதிர்ப்பக்கம் மெத்தனால். இரண்டும் கலந்தால் வண்டிக்கு டீசல். இரண்டும் முகம் கொடுக்கவில்லை.

“பொண்ணு ஏற்கெனவே பொரிச்சதாமே?” என்றது மெத்தனால்.

“பையன் சாராய வம்சமாமே?” என்றது எண்ணெய். “கிட்ட வந்தாலே வாடை.”

“மாப்பிள்ளை, புது எண்ணெய் விக்கிற விலை தெரியுமா?” என்றார் வைரவன். “தங்கச்சி, உனக்கு இதை விட்டா சாக்கடைதான்.”

மௌனம். வைரவனுக்குப் பழக்கமான மௌனம். காபி வரும்வரை நீளும். காபி வரவில்லை. சூடு வந்தது, எல்லோருக்கும் உள்ளிருந்தே. சாதாரண அடுப்பில் பொழுது சாயும்வரை இழுக்கிற பேச்சு, மணி அடிப்பதற்குள் முடிந்தது. டீசல் மேலே மிதந்தது. எண்ணெயிலிருந்து பிரிந்த கிளிசரின் அடியில் தங்கி அழுதது. பெண் வீட்டு ஆள்.

வாசலில் யாரோ தாம்பூலப் பையை நீட்டினார்கள். வைரவனின் கை தானாக நீண்டது. வெறுங்கையோடு எந்தக் கல்யாணத்திலிருந்தும் அவர் கிளம்பியதில்லை.

வெளியே மறுபடி எடைபோட்டார்கள்.

“மாறிட்டீங்க,” என்றார் மேடம்.

“தேங்காய் மேடம். கூட ரெண்டு வெத்திலை.”

“மாறினவங்க எல்லாரும் ஏதாவது சொல்வாங்க.”

“கீழ வச்சுட்டு ஏறட்டுமா?”

“தாராளமா.”

பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். பையோடு நின்ற அதே இடத்திலேயே முள் நின்றது. வைரவன் முள்ளை வெகுநேரம் பார்த்தார். மேடமும் பார்த்தார்.

“பையை மறந்துறாதீங்க,” என்றார் மேடம்.

வெளியே நடைவழியில் போட்டிருந்த பெஞ்சில், அடுத்து உள்ளே போகவேண்டிய ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார்.

“மாறிட்டீங்களாமே?”

“ஆமாங்க.”

“எப்படி இருக்கு?”

வைரவன் யோசித்தார். நடைவழி கொஞ்சம் நீண்டது.

“கனமா இருக்குங்க.”

அவர் நகர்ந்து இடம் விட்டார். வைரவன் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அந்தப் பெண்மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள்.

அவர் எழுந்திருக்கவில்லை.