இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை மிதிப்பதில் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கும், ஊரார் பிரேக் அக்கா என்று கூப்பிடும் பெண்ணை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரோட்டைக் கடக்கலாமா என்று நாய் யோசிக்கும்போதே அவள் கால் அமுங்கிவிடும். ஓட்டுகிறவரோ தான்தான் வண்டியை நிறுத்தினோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். ஊரில் பாதிப் பேர் அந்தப் பெருமையோடுதான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள்.

வீட்டிலும் அதே வேகம்தான். இரண்டரை வயது மகள் தண்ணீர் பாட்டிலை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும், மூடி திறந்து வாய்க்கருகே வந்துவிடும். விரலை நீட்டினால் வாழைப்பழம் உரித்தே வரும். மூக்கைச் சுருக்கினால் ஜட்டி மாறும். உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலசைவில் வீட்டை நடத்தியதால் குழந்தைக்கு மேனேஜர் என்று பேர் விழுந்துவிட்டது. மேனேஜருக்கு எல்லாம் புரியும். செருப்பை எடுத்துவா என்றால் ஜோடி பார்த்து எடுத்து வருவாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை மட்டும் சொன்னதில்லை. அம்மா என்றுகூடச் சொன்னதில்லை.

வெளியே கேட்பவர்களிடம் பிரேக் அக்கா சிரித்து மழுப்பினாள். நாத்தனார் போன் வந்தாலே அவளுக்கு வீட்டில் ஏதாவது அவசர வேலை முளைத்துவிடும். தன் பிள்ளை இந்த வயதில் கடிகாரம் பார்த்து மணி சொன்னான் என்று நாத்தனார் சொல்வாள். இன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கல்யாண வயது, இன்னும் ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை. அதைச் சொல்லிக்காட்ட பிரேக் அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தாலும் அடக்கிக்கொண்டாள்.

மேனேஜரின் காதைச் சோதித்தார்கள், பழுதில்லை. அடுத்து பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் போனார்கள். அந்தப் பெண் மேனேஜரோடு வெகுநேரம் தரையில் உட்கார்ந்து விளையாடினாள். பிறகு எழுந்து, சனிக்கிழமைதோறும் வகுப்புக்கு வரவேண்டும் என்றாள். வரவேண்டியது குழந்தை இல்லையாம், அப்பாவும் அம்மாவுமாம்.

"குழந்தைக்குத்தானே பேச்சு வரல? எனக்கு வருதே. தேவைக்கு மேலேயே வருது" என்றாள் பிரேக் அக்கா.

"இது உங்களால வந்ததில்ல மேடம், முதல்ல அதை மனசுல இருந்து எடுத்துடுங்க. ஆனா நாள் பூரா அவகூட இருக்கப்போறது நீங்க ரெண்டு பேரும்தான். எப்படி உதவுறதுன்னு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தா அவளுக்கு நாள் பூரா வகுப்பு நடந்த மாதிரி."

முதல் பாதி காதில் விழுந்ததும் பிரேக் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ளக் கைப்பையில் எதையோ தேடினாள். அவள் கணவருக்கு அது தெரியவில்லை. அவருக்கு எதுவுமே தெரிவதில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் மாட்டுகிற வேலை அவருக்கு. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற மனிதர், கண்ணெதிரே இருக்கிற உப்பு டப்பாவை அலமாரி முழுக்கத் தேடுவார். பிரேக் அக்கா கற்றுக்கொடுத்தும் லைசென்ஸ் வாங்காத ஒரே ஆளும் அவர்தான்.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியறையில் நடந்தது. குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகளில் பெரிய பெரிய அப்பாக்களும் அம்மாக்களும் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாடம் காத்திருப்பது. குழந்தை எதையாவது பார்த்தால் உடனே கொடுத்துவிடக் கூடாது. முகத்தைப் பார்த்து, மனதுக்குள் மெதுவாக எண்ணி, குழந்தை ஏதாவது சத்தமோ சைகையோ வார்த்தையோ தருகிறதா என்று பார்க்க வேண்டும். அழவிடக் கூடாது, ஏங்கவிடக் கூடாது, கொஞ்சம் இடம்தான் விட வேண்டும். இரண்டாவது பாடம் மக்காக இருப்பது. காலி டம்ளரைக் கொடு, சாக்ஸைக் கையில் மாட்டு, குழந்தை உன்னைத் திருத்தட்டும்.

செய்து பார்க்கச் சொன்னார்கள். ஒரு வங்கிக் காவலர் குழந்தையாக நடிக்க முன்வந்தார். அவருடைய மீசையிலேயே இரண்டு குழந்தைகளை ஊஞ்சலாட்டலாம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கினார். பிரேக் அக்கா கையில் பிஸ்கட்டோடு எதிரே உட்கார்ந்தாள். அவர் கண் பிஸ்கட் பக்கம் திரும்புவதற்குள் பிஸ்கட் அவர் வாயில் இருந்தது.

"நான் இன்னும் பார்க்கவே இல்லியேம்மா" என்றார் காவலர், மென்றுகொண்டே.

மறுபடி முயன்றாள், மறுபடி வாயில். அவரே கையை எடுத்துக் கும்பிட்டு, தனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்.

அடுத்தது அவள் கணவர் முறை. காவலர் பிஸ்கட்டைப் பார்த்தார், கையை நீட்டினார், ம் ம் என்றார், கடைசியில் வாய் திறந்து பிஸ்கட் என்றே சொல்லிவிட்டார். கணவர் அதுவரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியின் ஃப்ரேமைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததே அவருக்குத் தெரியாது. பேச்சுப் பயிற்சிப் பெண் கைதட்டிவிட்டாள். காத்திருப்பது என்றால் இதுதான், எவ்வளவு நிதானம் பாருங்கள் என்று வகுப்புக்கே எடுத்துக்காட்டினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்த மந்தத்தைத் திட்டித் தீர்த்தாளோ அதற்கு ஊர் கூடிக் கைதட்டுவதைப் பிரேக் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

வீட்டிலும் அவர் கொடிதான் பறந்தது. காலையில் தூக்கக் கலக்கத்தில் மகளின் சாக்ஸைத் தன் கட்டைவிரலில் மாட்டிவிட்டு, ஏன் ஏறவில்லை என்று யோசித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்து "ம்ஹூம், ம்ஹூம்" என்று தலையாட்டினாள். அதுவரை அந்த வீட்டில் கேட்டிராத சத்தம் அது. பிரேக் அக்காவும் ஒரு சாக்ஸை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாக்ஸை உருவி எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய்விட்டாள்.

பூங்காவில் ஊஞ்சலைத் தள்ளுமுன் "ரெடி..." என்று சொல்லி நிறுத்தி, 'போ' என்பதைக் குழந்தைக்கு விட்டுவைக்கச் சொல்லியிருந்தார்கள். பிரேக் அக்கா ரெடி என்று சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்தாள், இறங்கினாள், சறுக்குமரத்துக்கு நடந்தாள்.

அந்த வாரம் வகுப்பில் பிரேக் அக்கா தன்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டாள்.

"எல்லாரும் என் சுறுசுறுப்பைத்தான் மெச்சுவாங்க. அவளுக்கு என்ன வேணும்னு அவளுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். அது தப்பாங்க? அவ என்னைக் கூப்பிடணும். ஒரே ஒரு தரம் கூப்பிட்டா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

யாரும் ஆறுதல் சொல்ல அவசரப்படவில்லை. வகுப்பில் காத்திருக்கக் கற்றவர்கள் அல்லவா. கடைசியில் காவலர்தான் தொண்டையைச் செருமினார். தன் மகனுக்கு மூன்று வயது முடிந்தும் இன்னும் பேச்சில்லை என்றார். வங்கிக்குள் யார் எப்படி நுழைந்தாலும் தனக்குப் பயமில்லை, சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழையத்தான் கால் நடுங்குகிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சிலர் அழவும் செய்தார்கள். நாத்தனார் போனுக்கு ஒளிகிற ஆள் தான் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் பிரேக் அக்காவுக்குத் தெரிந்தது. பல நாளுக்குப் பிறகு அன்று நன்றாகப் பசித்தது.

அடுத்த சனிக்கிழமை குழந்தைகளையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். பயிற்சி ஆகட்டும் என்று இரண்டு பிரேக் வண்டியைக் கணவரையே ஓட்டச் சொன்னாள். பின்னால் தன் இருக்கையில் பெல்ட் மாட்டிக்கொண்டு மேனேஜர். பெரிய சிக்னலில் சிவப்பு. நின்றார்கள். பச்சையும் விழுந்தது. வண்டி நகரவில்லை. கணவர் எதிரே இருந்த விளம்பரப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள் போட்டிருக்கிற கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு பாரு" என்றார்.

பிரேக் அக்கா வாயெடுத்தாள். அப்போது கற்றுக்கொடுப்பவர் பின்னால் பார்ப்பதற்காகத் தன் பக்கம் மாட்டியிருந்த குட்டிக் கண்ணாடியில் மேனேஜரின் விரல் தெரிந்தது. விரல் பச்சை விளக்கைக் காட்டியது. அடுத்து அப்பாவின் பின்மண்டையைக் காட்டியது. அப்புறம் மேனேஜர் கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்து, வழக்கம்போல உத்தரவு நிறைவேறட்டும் என்று காத்திருந்தாள்.

பிரேக் அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள். புருவத்தை உயர்த்தி, உலகத்தில் இல்லாத மக்கு முகத்தை வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு ஹாரன். அவள் எண்ணினாள். இன்னும் இரண்டு ஹாரன். லாரி ஒன்று காது கிழிய அலறியது. எண்ணிக்கை மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"போ" என்றாள் மேனேஜர்.

கணவர் திடுக்கிட்டு கியரைப் போட்டார். வண்டி ஓரடி நகர்ந்தது. பிரேக் அக்காவின் கால் தானாகப் பாய்ந்து இரண்டாவது பிரேக்கை மிதித்தது. வண்டி உதறிக்கொண்டு அணைந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார் கணவர். எப்போதும் கேட்கிற கேள்விதான்.

"ஒண்ணும் பண்ணல. பேசாம இருங்க."

"போ" என்றாள் மேனேஜர். வண்டி போகவில்லை. "போ. போ." ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கண்டிப்பாக வந்தது. கணவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அதற்குள் சிக்னல் மறுபடி சிவப்பாகிவிட்டது. லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். முகம் சிவந்திருந்தது, நாலு வார்த்தை தயாராகவே வைத்திருந்தார். பிரேக் அக்கா கண்ணாடியை இறக்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

"எம் பொண்ணு பேசுறாங்க" என்றாள்.

லாரிக்காரர் தலையை உள்ளே நீட்டினார். மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்து விரலை நீட்டினாள்.

"போ."

அவர் மறுபேச்சு பேசாமல் போய் லாரியில் ஏறினார்.

அம்மா என்று கூப்பிடவில்லைதான். அதற்கென்ன, வரட்டும். பச்சை மறுபடி விழுந்தது. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினார். பிரேக் அக்கா இரண்டாவது பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. மக்கு முகத்தை மாட்டிக்கொண்டு, குட்டிக் கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தாள்.