புடலங்காய்க்கு முன்பிடி

மௌனிகாவுக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாது. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. நாள் முழுக்க மோட்டாரை ஓடவிட்டுப் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோல், பசை, கலர் பேப்பர் என்று தரையில் கடை விரித்துவிடுவாள். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கையால் செய்த கார்டு ஒன்று போகும். கண்ணாடி போட்ட ஆடு, குடை பிடித்த தவளை என்று அதில் ஏதாவது கூத்து நடக்கும். நூலில் பச்சை மிளகாய் செய்து காதில் மாட்டிக்கொள்வாள். அப்பாவின் பழைய சட்டைப் பட்டன்கள் எல்லாம் மோதிரமாகிவிட்டன. எல்லாம் விளையாட்டுக்குத்தான். "இதை ஆன்லைன்ல வித்தா நல்லாப் போகுமே" என்று யாராவது புத்தி சொன்னால், அவர்களுக்கு அடுத்த வருஷம் கார்டு கிடையாது.

அவளுக்கே கல்யாணம் நிச்சயமானபோது, பத்திரிகை விஷயத்தில் அவளைக் கிட்டேயே சேர்க்கவில்லை. அப்பா சுந்தரராஜுலு பதினொரு நாள் உட்கார்ந்து அறுபத்து நாலு பெயர்களை வரிசைப்படுத்தினார். ஒரு பெரியப்பா ஒரு வரி கீழே இறங்கினால் ஒரு வேன் ஆள் வராது. இப்படிப்பட்ட பத்திரிகையில் தவளைக்கு எங்கே இடம்? போகட்டும் என்று, தன் சிநேகிதிகள் பன்னிரண்டு பேருக்கு மட்டும் தனியாகப் பன்னிரண்டு கார்டு செய்தாள்.

அதைச் செய்தபோது அவளுக்கு வந்த சிரிப்பில் பசை இரண்டு தடவை கொட்டியது. கார்டைப் பிரித்தால் கல்யாண மண்டபம். சொந்தக்காரர்கள் எல்லோரும் காய்கறிகள். அப்பா முருங்கைக்காய், அம்மா தக்காளி. மாப்பிள்ளை நவநீத் தலைப்பாகை கட்டிய கத்தரிக்காய். மௌனிகா பச்சை மிளகாய்; ஒரு கூடைக்குள் உட்கார்ந்திருப்பாள். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பேப்பர் பட்டையை இழுத்தால் கூடை மெதுவாக நகர்ந்து மேடைக்குப் போகும், கத்தரிக்காய் கண்ணை உருட்டும்.

கூடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்கள் வகையறாவில் கல்யாணப் பெண் மேடைக்கு நடந்து போகக் கூடாது. மூங்கில் கூடையில் நெல்லைப் பரப்பி, அதில் உட்கார வைத்துத் தாய்மாமன் தூக்கி வர வேண்டும். கூடைக்கு இரண்டு பிடி உண்டு. பின்பிடியை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். முன்பிடி மூத்த தாய்மாமனுடையது, வேறு யாரும் தொடக் கூடாது.

மௌனிகாவுக்கு மாமன்கள் இரண்டு பேர். மூத்தவர் நரசிம்மலு, கருமத்தம்பட்டியில் எட்டுத் தறி வைத்திருப்பவர், அவர் பூசணிக்காய். இளையவர் ரங்கராஜ், ஜிம்முக்குப் போகிற ஆள்; அவர் புடலங்காய். கார்டில் பேப்பர் பட்டை வெளியே தெரியாமல் இருக்க முன்னால் நீளமாக ஒரு உருவம் வேண்டியிருந்தது. உருண்டையான பூசணியை வைத்துப் பார்த்தாள், பட்டை போகும் ஓட்டையில் சிக்கிக்கொண்டது. அதனால் முன்பிடியைப் புடலங்காயிடம் கொடுத்துவிட்டாள். பூசணியை எங்கே வைப்பது? ஒரு மூலை காலியாக இருந்தது, அங்கே ஒட்டினாள். செய்த நேரத்தில் இதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

கார்டுகளைக் காய வைக்க அவள் தேர்ந்தெடுத்த இடம் பூஜை அறை. வீட்டில் ஃபேன் இல்லாத அறை அது ஒன்றுதான். மேலும், உறைகளைப் பத்திரிகைக் கட்டிலிருந்தே உருவியிருந்தாள். அப்பா சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்தார். சாமி முன்னால் உறைகளைப் பார்த்தார். மேலே இருந்ததை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தார். 'நரசிம்மலு குடும்பத்தார்' என்று எழுதினார். தேங்காய், பழம், வெற்றிலையோடு தட்டில் வைத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் மூத்த மைத்துனருக்கு முதல் பத்திரிகை கொடுத்துவிட்டு வந்தார்.

மத்தியானம் மௌனிகா எண்ணிப் பார்த்தாள். பதினொன்றுதான் இருந்தது.

"அப்பா, இங்க வெச்சிருந்த கவர்ல ஒண்ணைக் காணமுங்க?"

"அதா? அதைத்தான் கண்ணு மாமனூட்டுக்குக் குடுத்துட்டு வந்தோம். சாமி காலடியிலயே இருந்துதா, நல்ல சகுனம்னு எடுத்துக்கிட்டேன்."

மௌனிகா ஸ்கூட்டரை எடுத்தாள். அவினாசி ரோட்டில் வழி நெடுக, மாமாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். பூசணிக்காய் ரொம்ப மங்களகரமான காய் என்று ஆரம்பிக்கலாம். பூசணிக்காய் உடம்புக்குக் குளிர்ச்சி என்றும் சொல்லலாம். இரண்டுமே சரியாக வரவில்லை.

தறிக்கூடத்தில் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் கோபப்பட்டால் கோபம் வீணாகிவிடும். அதனால் மாமா அவளைப் பார்த்ததும் ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். எட்டாவது தறி நிற்கும்வரை கோபத்தை அப்படியே வாயில் வைத்திருந்தார்.

"வாங்க அம்மணி. உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா?"

பிறந்ததிலிருந்து அவளை 'வா கண்ணு, போ கண்ணு' என்று மட்டும் கூப்பிட்ட வாய் அது. கொங்குநாட்டில் தாய்மாமன் அக்கா மகளுக்கு 'ங்க' போட ஆரம்பித்தால், திட்டியிருந்தாலே தேவலை.

"மாமா, அது ஃப்ரெண்ட்ஸுக்கு வெளையாட்டாச் செஞ்ச கார்டுங்க. உங்களைப் பூசணிக்காயாப் போட்டது தப்புத்தானுங்க..."

"பூசணிக்காயைப் பத்தி இப்ப ஆருங்க பேசுனாங்க? கண்ணாடி எங்கூட்லயும் இருக்குதுங்க." சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தார். பட்டையை இழுத்தார். கூடை அழகாக நகர்ந்தது. "முன்பிடியில இருக்கறது ஆருங்க?"

அப்போதுதான் மௌனிகாவுக்கு விளங்கியது. "சின்ன மாமாங்க."

"நான் எங்கீங்க இருக்கறேன்?"

"பந்தியிலங்க."

"எலையில என்னங்க அது, மஞ்சளா, கட்டமா?"

"மைசூர்பாங்க."

"தாலி ஏறலீங்க. மேளம் கொட்டலீங்க. மூத்த தாய்மாமன் தனியா உக்காந்து மைசூர்பா தின்னுட்டிருக்கறான். சொந்தக்காரங்க பாத்தா என்னங்க சொல்லுவாங்க?"

"உருண்டையா இருந்தா ஓட்டையில சிக்குதுங்க மாமா. டெக்னிக்கல் பிராப்ளமுங்க."

"முப்பது வருசமாத் தறி ஓட்டறேன். தறி ஓடலைன்னா தறியைத்தான் மாத்துவேன். மொதலாளியை மாத்த மாட்டேன்."

அத்தை ராமாமணி காப்பியோடு வந்தாள். கார்டில் அவள் சின்ன வெங்காயம். அவளுக்கு அதில் பெருமைதான். "எனக்குக் கண்ணெல்லாம் எத்தனை லட்சணமா வரைஞ்சிருக்கறா பாருங்க" என்றாள். மாமா அவளைப் பார்த்த பார்வையில் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

காரியம் அதற்குள் கை மீறிப் போயிருந்தது. மாமா கார்டைப் போட்டோ எடுத்து, ஒரே ஒரு கேள்விக்குறியோடு குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார். ரங்கராஜ் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அடுத்து சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் போட்டோ. கீழே, 'பிராக்டீஸ் ஆரம்பம்.'

"மாமா, நெசமாச் சொல்றேனுங்க. போன ஆடியிலதான் உங்களுக்கு டிஸ்க் வெலகுச்சு. பக்கெட்கூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் அறுவத்திரண்டு கிலோ. நகை, நெல்லு எல்லாம் தனி."

"செரிங்க. புடலங்காயே தூக்கட்டுமுங்க. சாமி முன்னால மஞ்சள் வெச்ச பத்திரிகையை நம்மால மாத்த முடியுமுங்களா? நாங்க இங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணிக்கறமுங்க."

மாமா வராத கல்யாணத்தை மௌனிகாவால் நினைத்தே பார்க்க முடியவில்லை. ஆறு வயதில் அவள் செய்த முதல் கார்டு அவருக்குத்தான். காலண்டர் தாளின் பின்பக்கம் காக்கா ஒன்று வரைந்திருந்தாள். அதை மயில் என்று ஊரெல்லாம் சொல்லி, கண்ணாடிச் சட்டம் போட்டு, தறிக்கூடத்துச் சுவரில் மாட்டிய மனிதர் இவர். அவர் முகம் தொங்கிப்போய் இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாதீங்க அம்மணி" என்றார் மாமா. 'ங்க' இன்னும் போகவில்லை. "அழுது என்னங்க பண்றது? பத்திரிகையில இருக்கறதை இன்னொரு பத்திரிகைதான் மாத்தோணும்."

மௌனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கத்தரிக்கோல் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

நூல் கோன் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. கழிவு நூல் ஏராளம். வர்ணத்துக்கு அத்தையின் நெயில் பாலீஷ். மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்து செய்தாள். ஓட்டையை அகலமாக வெட்டி, பட்டைக்குப் பதிலாக தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலை முறுக்கிக் கொடுத்து ஓடவிட்டாள். இந்த முறை பூசணிக்காய் முன்பிடியோடு சிக்காமல் போனது. மாமா எதிரே நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார்.

"மீசையை இன்னுங் கொஞ்சம் தூக்கிவிடுங்க."

"செரிங்க மாமா."

"பின்பிடியில தம்பி இருக்கட்டும். ஆனா அத்தனை உசரம் வேண்டாமுங்க."

புடலங்காயின் தலையில் கொஞ்சம் வெட்டினாள்.

"அந்த எலையை எடுத்துப்போடுங்க." எடுத்தாள். "மைசூர்பாவையும் எடுத்துப்போடுங்க." அதையும் உரித்தாள். மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது இருக்கட்டும். சட்டைப் பையில வெச்சுடு, கண்ணு."

'ங்க' போய்விட்டது. மௌனிகாவுக்கு உயிர் வந்தது. புதுக் கார்டுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தார்கள், சாமி முன்னால் வைத்தார்கள், குரூப்பில் போட்டார்கள். ரங்கராஜ் சிமெண்ட் மூட்டையைக் கீழே இறக்கி வைத்த போட்டோ ஒன்றை அனுப்பினார்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கே மாமா தயாராக இருந்தார். பட்டு வேட்டிக்குள் இடுப்பு பெல்ட்டை இறுக்கியிருந்தார். மணப்பெண் அறையிலிருந்து மேடைக்கு அறுபதடி. முன்னால் நாதஸ்வரம் போயிற்று. மாமா முன்பிடியைப் பிடித்தார், ரங்கராஜ் பின்பிடியைப் பிடித்தார். எண்ணூறு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். இருபது அடிவரை ராஜ ஊர்வலம்தான்.

அங்கே 'டக்' என்று ஒரு சத்தம். மேளக்காரர்கூடத் திரும்பித் தன் மேளத்தைப் பார்த்தார். மாமா வில்லாக வளைந்து அப்படியே நின்றுவிட்டார். ரங்கராஜ் கூடையை மெல்லத் தரையில் இறக்கினார்.

"அண்ணா, நீங்க நவுருங்க. நான் மின்னால வாரேன்."

"மாட்டேன்."

"பிடியை உடுங்கண்ணா!"

"உட முடியலடா!"

மேடையிலிருந்து ஐயர் மைக்கில் கூப்பிட்டார். "முகூர்த்தம் போய்ட்டிருக்குது, பொண்ணைக் கூட்டிட்டு வாங்க!" வேறு யாராவது கூடையைத் தூக்கிக்கொண்டு போனால் இந்த மனிதர் இனி எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டார் என்று மௌனிகாவுக்குத் தெரியும். அவருடைய வளைவைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. கூடையிலிருந்து எழுந்து காலைத் தரையில் வைத்தாள். மண்டபமே 'ஐயையோ' என்றது. பிடியிலிருந்து மாமாவின் விரல்களை எடுத்துவிட்டு, தோளைப் பிடித்து, வளைந்தது வளைந்தபடியே பின்பக்கமாகச் சாய்த்துக் கூடைக்குள் உட்கார வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்பிடியைப் பிடித்தாள்.

"நீ கல்யாணப் பொண்ணு, கண்ணு!"

"தெரியுமுங்க மாமா. கையை உள்ள வெச்சுக்குங்க."

மாமா தொண்ணூறு கிலோ. ரங்கராஜ் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். மேளக்காரரும் மேளத்தை முதுகுக்குத் தள்ளிவிட்டு ஒரு கை கொடுத்தார். கூடை முனகிக்கொண்டே மேடை ஏறியது. மேடையில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே திரை பிடித்திருந்தார்கள். நவநீத் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் பழகிய வெட்கச் சிரிப்போடு காத்திருந்தான். திரையை இறக்கினார்கள். மீசையெல்லாம் நெல்லாக மாமா அண்ணாந்து பார்த்தார்.

"வாங்க மாப்ளே."

"வணக்கமுங்க" என்றான் நவநீத். அவன் நல்ல பிள்ளை. பக்கத்தில் மௌனிகா மூச்சு வாங்கிக்கொண்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

தாலி கட்டியாயிற்று. மாமா எழுந்திருக்க முடியாமல் கூடையிலேயே இருந்து அட்சதை போட்டார். அடுத்து ஐயர் தாம்பாளத்தில் புது வேட்டியை எடுத்து வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"பொண்ணைத் தூக்கிட்டு வந்த தாய்மாமன் யாருங்க? முன்னால வந்து மரியாதை வாங்கிக்கங்க."

எண்ணூறு பேரும் யார் யாரைத் தூக்கினார்கள் என்று கண்ணால் பார்த்தவர்கள். பத்திரிகையில் ஒரு பெயர் ஒரு வரி இறங்கினாலே வேனைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள். மாமா தலையைக் குனிந்து நெல்லையே பார்த்தார். மௌனிகாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ரங்கராஜ் முன்னால் வந்தார். பட்டுச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்க அண்ணனுங்க" என்றார். "அவுரால மின்னால வர முடியாதுங்க. நீங்கதான் கொஞ்சம் குனியோணும்."

ஐயர் குனிந்தார். மாமா இரண்டு கையாலும் வேட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எண்ணூறு பேரில் ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை.